அறுபது படிகள்

1888ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் முத்திங்கள் இதழ் ஒன்று வெளிவந்தது. அச்சான படிகள் அறுபது. இதழின் ஆசிரியரும் வெளியீட்டாளரும் ஒருவரே. கட்டுரை எழுதியவரும், கட்டுரைக்கான படங்களை வரைந்தவரும், அச்சுக்கூலி கொடுத்தவரும் அவரே. அன்று அவருக்கு 36 வயது நிறைந்தது. அறுபது படிகளில் பெரும்பகுதியை அயல்நாடுகளில் இருந்த அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டு அவர் காத்திருந்தார். எதிர்பார்த்த மறுமொழி வரவில்லை.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இது எங்கோ கேட்ட கதைபோல் ஒலிக்கும். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றதை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் பார்சிலோனா இதழில் கவிதையும் இல்லை, திறனாய்வும் இல்லை. பறவைகளின் சிறுமூளை எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே முதல் இதழின் தலையாய பொருள். அதை நடத்தியவர் சந்தியாகோ ரமோன் இ கஹால். மூளை தனித்தனி அணுக்களால் ஆனது என்று நிறுவியவர். இன்றைய நரம்பியலின் தந்தை என்று பாடநூல்கள் சுட்டுபவர்.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்குக் கஹாலிடம் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு படிவந்தான் நம்மை அவரிடம் கொண்டு சேர்த்தது. நாம் பணியாற்றும் கல்லூரியில் ஆண்டுதோறும் நிரப்பித் தரவேண்டிய தன்மதிப்பீட்டுப் படிவத்தில் சில ஆண்டுகளாக மூன்று கட்டங்கள் புதிதாக முளைத்திருக்கின்றன. வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவை எத்தனை முறை பிறரால் மேற்கோள் காட்டப்பெற்றன, எச்-குறியீட்டெண் எவ்வளவு. பன்னாட்டுத் தரவுத்தளம் தேடித் தரும் எண்ணை மட்டுமே அங்கே எழுதலாம். நாமும் நம் துறையினரும் எழுதும் தமிழ் இதழ்கள் அத்தரவுத்தளத்தில் இல்லை. ஆகவே எங்கள் துறையில் மூத்தவர் முதல் இளையவர் வரை அனைவரும் இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் சுழியம் இடுகிறோம். இத்தகைய சமத்துவம் வேறெங்கும் கிட்டாது என்று துறையில் நகைச்சுவையாகப் பேசிக்கொள்வதுண்டு.

நகைத்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் நம்மிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் ஒருநாள் வந்து, “ஐயா, உரையாசிரியர்களைப் பற்றிய இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதட்டுமா, ஆங்கிலத்தில் எழுதட்டுமா? ஆங்கிலத்தில் எழுதினால்தான் கணக்கில் வரும் என்கிறார்கள்” என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. நாளை வேலைக்கு விண்ணப்பிக்கப்போகிறவர் அவர். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். அந்த இரண்டு நாள் பல வாரங்களாக நீண்டது. அவ்வேளையில்தான் கஹாலின் தன்வரலாற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் இந்த எண்ணைப் பற்றிச் சில சொற்கள். மேற்கோள்களை எண்ணுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும் என்ற எண்ணத்தை யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தார். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பு பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டது என்று தேடப் பயன்படுத்திய பழைய பட்டியல் ஒன்றே அவருக்கு முன்மாதிரி. 1960களில் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை நூலகங்களுக்கு வந்துசேர்ந்தது. ஒரு கருத்து எங்கிருந்து கிளம்பி எங்கே போயிற்று என்று தடம் பிடிப்பதே அதன் நோக்கம். ஆளை எடைபோடுவதற்கு அது பிறந்ததில்லை. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டெண்ணைத் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 30 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 30 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் 30. பேரேட்டின் கடைசி வரியைப்போல எளிமையானது. எளிமையாக இருந்ததனாலேயே உலகெங்கும் பரவியது. ஹிர்ஷ் அர்ஜென்டினாவில் பிறந்தவர். கஹாலின் தாய்மொழி வழங்கும் நாட்டிலிருந்து வந்தவர் ஆக்கிய அளவுகோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதாதவர்களைக் காணாத தரவுத்தளங்களில் குடியேறியது ஒரு விந்தை.

இந்த அளவுகோலால் அளந்தால் நரம்பியலில் முன்வரிசையில் நிற்பவர் இலண்டனின் கார்ல் ஃபிரிஸ்டன். 2016இல் கணினி வழியே நடந்த ஒரு மதிப்பீடு அவரையே மிகுந்த செல்வாக்குடைய நரம்பியலாளராகக் காட்டியது. மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் தரும் தரவை எவ்வாறு புள்ளியியல் முறையில் ஆராய்வது என்பதற்கு 1990களில் அவர் ஒரு வழி வகுத்தார். அதற்கான மென்பொருளை விலையின்றி வழங்கினார். உலகெங்கும் மூளைப்படம் எடுப்போர் அதைப் பயன்படுத்துகின்றனர். பயன்படுத்துவோர் அவரைச் சுட்டுகின்றனர். அதில் குறை ஒன்றுமில்லை. மண்வெட்டி செய்தவனை உழவர்கள் எல்லாரும் நினைப்பது முறைதானே. ஆயினும் மண்வெட்டியின் புகழும் விளைச்சலின் புகழும் ஒன்றல்ல.

இதை நன்றாக உணர்ந்தவர் ஆலிவர் லோரி. மூளைத் திசுவின் வேதியியலை நுட்பமாக அளப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அறியும் முறையை 1951இல் தம் குழுவினரோடு எழுதினார். அறிவியல் வரலாற்றிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்ற கட்டுரை அதுவே. 2014இல் எண்ணியபோது 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அது பெரிய கட்டுரை இல்லை என்பது தமக்கே தெரியும் என்று லோரி எழுதினார். அவருடைய மூளை ஆய்வுகளை இன்று எத்தனை பேர் அறிவர்?

இனிக் கஹால். ஓவியராக வேண்டும் என்று விரும்பிய சிறுவன் அவர். அறுவை மருத்துவராக இருந்த தந்தை அதை ஒப்பவில்லை. முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பிப் பார்த்தார். பின்னர் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த மனித எலும்புகளைக் கொண்டு மகனுக்கு உடற்கூறு கற்பித்தார். எலும்பை வரையத் தொடங்கிய கை பிறகு நிற்கவில்லை. 1885இல் வலென்சியாவில் காலரா பரவியபோது அவர் செய்த ஆய்வுக்காகச் சரகோசா மாகாண நிருவாகம் அவருக்கு ஒரு ஜெர்மன் நுண்ணோக்கியைப் பரிசளித்தது.

1887இல் மாட்ரிட் சென்றபோது, பாரிசிலிருந்து திரும்பியிருந்த லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் தம் இல்லத்தில் அவருக்கு ஒரு கண்ணாடித் தகட்டைக் காட்டினார். இத்தாலியரான காமில்லோ கோல்ஜி 1873இல் கண்டறிந்த கறுப்புச் சாய முறையில் ஆயத்தம் செய்யப்பட்ட நரம்புத் திசு அதில் இருந்தது. மூளைத் திசு கிளைகள் பின்னிய அடர்காடு. அனைத்து அணுக்களுக்கும் சாயம் ஏறினால் ஒன்றும் விளங்காது. கோல்ஜியின் வெள்ளி உப்போ, காரணம் விளங்காத வகையில், மிகச் சில அணுக்களை மட்டும் பற்றிக்கொண்டு அவற்றை வேர் முதல் நுனி வரை கறுப்பாக்கிவிடும். பதினான்கு ஆண்டுகளாக உலகம் அறிந்திருந்தும் அதைப் பொருட்படுத்தியோர் சிலரே, அது நம்பகமற்ற முறை என்பதால். கஹால் சாயத்தை இருமுறை ஏற்றிப் பார்த்தார். அதனினும் முக்கியமாக, முதிர்ந்த விலங்குகளை விட்டுவிட்டுக் கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். முதிர்ந்த நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை சாயத்தைத் தடுக்கும்; இளம் மூளையில் அவ்வுறை இன்னும் உருவாகியிராது. காடாக வளர்ந்த பிறகு பார்ப்பதை விட நாற்றங்காலிலேயே பார்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

பார்த்தபோது தெரிந்தது அதுவரை எல்லாரும் நம்பியதற்கு மாறானது. நரம்பு மண்டலம் முழுவதும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று கலந்த வலை என்பதே அன்றைய கொள்கை. கோல்ஜியும் அதையே கொண்டிருந்தார். கோல்ஜியின் சாயத்தைக் கொண்டே, ஒவ்வோர் அணுவும் தனியானது, கிளைகள் அடுத்த அணுவை நெருங்கித் தழுவி நிற்கின்றனவேயன்றி அதனோடு உருகிக் கலப்பதில்லை என்று கஹால் கண்டார். சிறுமூளையின் பெரிய அணுக்களைச் சுற்றி மெல்லிய இழைகள் கூடைபோலப் பின்னி நிற்பதை வரைந்தார். கிளைகளின்மீது முள்முள்ளாகத் துருத்தி நிற்பனவற்றையும் அதே கட்டுரையில் குறித்தார். அவை சாயத்தின் பிழை என்று பலர் ஒதுக்கினர். வேறொரு சாயத்தைக் கொண்டு 1896இல் அவற்றை மீண்டும் காட்டினார். நினைவும் கற்றலும் பதியும் இடங்களாக இன்று ஆராயப்படுபவை அந்த முட்களே.

இவ்வளவும் அச்சானது அந்த அறுபது படி இதழில். காத்திருக்கப் பொறுமையில்லை என்பதால்தான் சொந்த இதழ். ஒவ்வொரு நாளும் புதியது தெரிந்துகொண்டிருக்கிறது. பிற இதழ்களின் கதவைத் தட்டிவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க அவரால் இயலவில்லை. செலவுக்கு என்ன செய்தார் என்பதைத் தன்வரலாற்றில் மறைக்காமல் சொல்கிறார். பணியாளர் வைத்துக்கொள்ளாமல், அத்தனை பிள்ளைகளையும் தாமே பார்த்துக்கொண்டு மிச்சம் பிடித்தவர் மனைவி சில்வேரியா. ஆய்வின் ஈட்டத்தைக் கணக்கிடும் எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. நம் சிற்றிதழ் வரலாறுகளிலும் இத்தகைய பெண்கள் அடைப்புக்குறிக்குள்தான் வருகிறார்கள்.

சிக்கல் மொழி. அன்றைய அறிவியல் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. ஸ்பானியம் படித்தறியும் திசுவியலார் அருமை. மூளையின் அமைப்பைப் பற்றிய அடிப்படையான கண்டுபிடிப்பு, படிக்க ஆளில்லாத மொழியில், அறுபது படிகளில் உறங்கியது. அன்று எச்-குறியீட்டெண் இருந்திருந்தால் 1888இன் இறுதியில் கஹாலும் நம் துறையினரோடு சேர்ந்து சுழியம் இட்டிருப்பார்.

1889 அக்டோபரில், ஜெர்மன் உடற்கூற்றியல் கழகம் பெர்லினில் கூடியது. கஹால் சேமிப்பைத் திரட்டிக்கொண்டு, கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார். செய்முறை விளக்கம் நடந்த கூடத்தில் நுண்ணோக்கிகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றார். முதலில் நெருங்கியவர் மிகச் சிலர். அவரவர்க்கு அவரவர் தகடுகள். வந்தவர்களிடம் அவர் பேசியது தடுமாறும் பிரெஞ்சு. ஆல்பர்ட் கோலிக்கர் அங்கே இருந்தார். 72 வயது, ஜெர்மன் திசுவியலின் மூத்த தலை. அவரைக் கஹால் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து நுண்ணோக்கியின்முன் நிறுத்தினார் என்கின்றனர். முதியவர் குனிந்து பார்த்தார். பார்த்து முடித்ததும் தம் வண்டியில் அவரை விடுதிக்கு அழைத்துச் சென்றார், விருந்து வைத்தார், பிற அறிஞர்களிடம் அறிமுகம் செய்தார். ஊர் திரும்பியதும் அம்முறையைத் தாமே செய்து பார்த்து, கஹால் கண்டது சரியென்று எழுதினார். அதுவரை வலைக் கொள்கையின் பக்கம் நின்றவர் அதைக் கைவிட்டார். கஹாலின் பழைய கட்டுரைகளைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார்.

எழுபதைக் கடந்த வயதில், துறையின் உச்சியில் இருப்பவர், பெயர் தெரியாத ஒருவரின் இதழைப் படிக்க இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மாலைகளை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. மேற்கோள் கணக்கில் அது ஒன்று. கோலிக்கர் கஹாலைச் சுட்டினார், ஒரு மேற்கோள், முடிந்தது. நேற்றுப் புதிதாகச் சேர்ந்த மாணவர் வழக்கம் கருதி அடிக்குறிப்பில் செருகும் பெயரும் ஒன்று. இரண்டும் ஒரே எடை.

ஆனால் இக்கதையைத் தாய்மொழியின் வெற்றியாகச் சொல்லிப் பூரிக்க நமக்கு மனம் வரவில்லை. மேடைகளில் அப்படிச் சொல்லும் ஆசை நம்மவர்க்கு மிகுதி. நடந்தது அதுவன்று. பெர்லினில் கஹாலுக்காகப் பேசியவை தகடுகள். அவை எந்த மொழியிலும் இல்லை. அதன்பின் அவர் ஸ்பானியத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1889 முதலே ஜெர்மானிய ஆய்விதழ்களில் பிரெஞ்சு மொழியில் எழுதத் தொடங்கினார். 1894இல் இலண்டன் அரச கழகத்தின் குரூனியன் சொற்பொழிவைப் பிரெஞ்சில் நிகழ்த்தினார். இளம் ஆய்வாளர்களுக்கு அவர் எழுதிய அறிவுரை நூலிலும் அயல்மொழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே வற்புறுத்துகிறார். தாய்மொழிப் பற்றில் அவர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். தம் நாட்டின் அறிவியல் வறுமையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் அது தெரியும். அவருடைய பெருநூல் 1899க்கும் 1904க்கும் இடையே மாட்ரிட்டில் ஸ்பானியத்தில்தான் பகுதி பகுதியாக வந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள். உலகம் அதைப் படித்ததோ 1909-1911இல் அசூலே செய்த பிரெஞ்சுப் பெயர்ப்பின் வழியாக. ஆங்கிலத்தில் முழு நூலும் கிடைக்க 1995 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவர் மாணவர் பியோ தெல் ரியோ ஓர்தேகாவின் கதை இன்னும் நீளமானது. மூளையின் காவலர்கள் என்று இன்று சொல்லப்படும் நுண்பசையணுக்களை 1919இல் நான்கு கட்டுரைகளில் விளக்கினார், ஸ்பானியத்தில். அணுக்களுக்கு அவர் இட்ட பெயர் எல்லா மொழிகளிலும் வழங்குகிறது. அந்நான்கு கட்டுரைகளும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு வெளிவந்த ஆண்டு 2016. இடையே 97 ஆண்டுகள்.

மேற்கோள் கணக்கு தவறவிடும் வேறொன்றும் உண்டு. நரம்பணுவுக்கு ‘நியூரான்’ என்று பெயரிட்டவர் கஹால் அல்லர். 1891இல் வில்ஹெல்ம் வால்டையர் என்ற ஜெர்மானியர், கஹால் உள்ளிட்ட பலருடைய கண்டுபிடிப்புகளைத் தொகுத்து ஒரு மருத்துவ இதழில் தொடர் எழுதினார். அக்கொள்கைக்கு வலுவான சொந்த ஆய்வு எதையும் அவர் செய்யவில்லை. எனினும் பெயர் அவர் தந்தது. நெடுங்காலம் கொள்கையும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டது. கஹாலுக்கு இதில் மனத்தாங்கல் இருந்ததை அவர் எழுத்தில் காணலாம். மறுபுறம், கஹாலுக்கு முன்பே ஹிஸ், ஃபொரெல் ஆகியோரும், பின்னாளில் வடதுருவப் பயணத்தால் புகழ்பெற்ற நான்செனும் அணுக்கள் தனித்தனியானவை என்ற முடிவை நோக்கி 1886-87இல் எழுதியிருந்தனர். பனிப்பாறைகளுக்கு நடுவே கப்பலைச் செலுத்தியவர் நரம்பிழைகளுக்கு நடுவேயும் வழி தேடியிருக்கிறார் என்பது நமக்குப் புதிய செய்தி.

சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் ஒன்று சொல்வார்: ஒரு கருத்து அனைவராலும் முழுமையாக உள்வாங்கப்பட்டுவிட்டால், அதைச் சொன்னவர் பெயரைச் சுட்டுவது நின்றுவிடும். வெற்றியின் உச்சியில் மேற்கோள் மறைகிறது. மூளையில் நரம்பணுக்கள் உள்ளன என்று எழுதும் எவரும் கஹாலுக்கு அடிக்குறிப்பு இடுவதில்லை, இட்டால் நகைப்பார்கள். அண்மையில் உறவினர் ஒருவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். காத்திருப்பறையின் சுவரில் மருந்து நிறுவனம் ஒன்றின் நாட்காட்டி. அதில் ஓர் அணுவின் படம்: கிளை கிளையாக, விளக்குமாற்றுக் குச்சிகளை விரித்துவைத்ததுபோல், ஆனால் எந்தக் குச்சியும் வீணாக இல்லாமல். கஹாலின் கை என்று பார்த்ததும் தெரிந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், பெயர் எங்கும் இல்லை. மருத்துவரும் உறவினர்க்கு நோயை விளக்கும்போது மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஏறத்தாழ அதே படத்தைத்தான் விரைவாகக் கிறுக்கினார். ஒரு சிறு வட்டம், கிளைகள், நீண்ட வால், அடுத்த அணுவுக்கு முன் ஒரு சிறிய இடைவெளி.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய நிலை. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோரை ஓயாமல் சுட்டுகிறார். ‘என்ப’, ‘மொழிப’ என்று நூல் நெடுகச் சொல்லிச் செல்கிறார். அவர்களில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எந்தத் தரவுத்தளம் அந்த ‘என்ப’வை எண்ணும்? வேறு வகையும் உண்டு. தகடூர் யாத்திரை என்னும் நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அதன் சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டிலும் உரை மேற்கோள்களிலும் தங்கின. அங்கே மேற்கோள் என்பது மதிப்பெண் அன்று, உயிர்.

அதே மேற்கோள் ஒருவரைச் சிதைக்கவும் வல்லது. நரம்பின் சிதைவையும் மீள்வளர்ச்சியையும் பற்றிக் கஹால் 1913-14இல் எழுதிய நூலில் ஒரு பகுதி உண்டு. முதிர்ந்த மூளையில் நரம்புவழிகள் முடிந்துபோனவை, எல்லாம் இறக்கலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்ற பொருள்பட எழுதுகிறார். நரம்பியலில் பலமுறை எடுத்தாளப்பெற்ற வாசகங்களுள் இது ஒன்று. வளர்ந்த மூளை மீளாது என்பதற்குக் கஹாலே சான்று என்று பல்லாண்டுகள் சொல்லி வந்தனர். ஆனால் உடனே அடுத்த தொடரில், இக்கடுமையான தீர்ப்பை இயன்றால் மாற்றுவது வருங்கால அறிவியலின் கடமை என்கிறார். முன் பாதியைச் சுட்டியவர் பலர், பின் பாதியைச் சுட்டியவர் சிலர். எண்ணிக்கை என்னவோ ஏறிக்கொண்டே போயிற்று. உரை படிக்கும் பழக்கம் உடையவர்கள் இப்படிப் பாதியில் நிறுத்துவதை மன்னிப்பதில்லை.

1906 டிசம்பரில் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் 11ஆம் நாள் கோல்ஜி பேசினார். நரம்பணுக் கொள்கை தவறு என்பதே அவருடைய பேச்சின் பொருள். மறுநாள் கஹால் அதே கொள்கையை நிறுவிப் பேசினார். ஒரே சாயம், இரு கண்கள். யார் கண்டது சரி என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட 1950களின் மின்னணு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. கஹால் 1934இலேயே காலமாகிவிட்டார். அவர் வரைந்தவற்றில் ஏறத்தாழ 2900 படங்கள் எஞ்சியுள்ளன. அவருடைய ஆவணங்களை 2017இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மாணவிக்கு நாம் இன்னும் விடை சொல்லாமல் இருந்தோம். தமிழில் எழுதுக என்று சொல்வது நமக்கு எளிது. நமக்கு வேலை உண்டு, ஓய்வூதியக் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் எழுதுக என்று சொல்வதும் எளிது; ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருள் உரைத்தொடரின் சந்தி பிரிப்பைச் சார்ந்தது, அதை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் கட்டுரையில் பாதி அகராதியாகிவிடும். கடைசியில் கஹாலின் கதையைத்தான் அவரிடம் சொன்னோம், பெர்லினுக்குப் போனதையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பெரியவர் மொழி கற்றுக்கொண்டதற்குக் காரணம் தகட்டில் ஏதோ இருந்தது, இல்லையா ஐயா?” என்றார். ஆம் என்றோம்.

கட்டுரையைத் தமிழில் எழுதினார். ஆங்கிலச் சுருக்கம் இரண்டு பக்கம், தாமே எழுதித் தாமே நான்கு முறை திருத்தினார். ஆங்கிலத்தில் வேறொரு கட்டுரையும், அதே தரவிலிருந்து வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எழுதத் தொடங்கியிருக்கிறார். தமிழ்க் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் எந்தப் பட்டியலிலும் இல்லாதது. தனிப்படிகள் 25 கேட்டு வாங்கினார். யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினோம். உண்மையில் படிக்கக்கூடியவர், மறுக்கக்கூடியவர், பிழை கண்டால் எழுதக்கூடியவர் என்று வடிகட்டியபோது பதினொரு பெயர்கள் தேறின. அவர்களில் இருவர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். வளர்ந்த பிறகு தமிழ் கற்றுக்கொண்டவர்கள். அஞ்சல் செலவைத் துறைக் கணக்கில் எழுத முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.